காசிமேட்டுக் கடலடி மக்களின் மொழி: தமிழ் மாற்றெழுத்து போலத் தெரிகிறதா?

நண்பரே, உங்கள் கதையில் சென்னைக் காசிமேட்டுக் கடலுக்கடியில் வாழும் கற்பனை மக்களுக்கு நீங்கள் உருவாக்கும் மொழி, எழுத்தை மாற்றிப் போட்ட தமிழ் போலத் தெரிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்ச் சொற்களில் எழுத்தை மட்டும் மாற்றினால் வாசகர் கண்டுபிடிக்கத்தான் செய்வார். முதலில் ஒலியைக் குறையுங்கள். ஸ, ஷ, ஃப மூன்றுக்கும் மூச்சை வேகமாக வெளியே ஊத வேண்டும். தண்ணீருக்குள் அது குமிழிதான். ம, ன, ங, ல, ர, கூடவே நாக்குச் சொடுக்கு ஒன்று போதும். சொடுக்கை எழுத்தில் அடிக்கடி காட்டாதீர்கள், படிக்கிறவருக்குச் சலிக்கும்.

நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல். அதனால் எந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது என்று நம் காதுக்குப் பிடிபடாது. உங்கள் மக்களுக்கும் நம் காதுதான் என்றால், பேசுகிறவர் தன் இடத்தைச் சொல்லித்தான் வாக்கியத்தையே தொடங்க வேண்டும்.

திசைக்கு வடக்கு, தெற்கு வேண்டாம், நீரோட்டத்தை வையுங்கள். 'நோலு' வேட்டையாடு என்றால், 'நோலுங' ஓட்டத்தோடு, 'நோலுமூ' எதிர்த்து. சொதப்புவது இங்கேதான்: சென்னைக் கரையோரம் பொதுவாக நவம்பரில் ஓட்டம் தெற்கே, மார்ச்சில் வடக்கே. மாமல்லபுரம் பக்கம் போகிறவருக்கு நவம்பரில் '-ங', மார்ச்சில் '-மூ'. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புக்குத் தனிச்சொல் தேவையில்லை. பத்து மீட்டர் இறங்கினாலே அது மங்கிக் கறுத்துவிடும்.