பிரேசஸ் ஒட்டும்போது வாயை விரிச்சு வைக்கிற பிளாஸ்டிக் மாட்டினா மூச்சு விட முடியுமா? எனக்கு சைனஸ் வேற இருக்கு

கேள்வி கேட்டவங்க அடுத்த மாசம் கேஎல்ல (கோலாலம்பூர்ல) பிரேசஸ், அதாவது பல்லை நேராக்குற கம்பி, போடப் போறாங்களாம், யூடியூப்ல அந்த வாய் விரிக்கிற சாமானைப் பாத்ததுலேர்ந்து பயமா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு பல் கிளினிக்ல அசிஸ்டண்ட், இதை மாட்டி விடுறதும் கழட்டுறதும்தான் பாதி நாள் வேலை, அதனால சொல்றேன்.

முடியும். அதுக்குப் பேரு சீக் ரிட்ராக்டர், உதட்டையும் கன்னத்தையும் வெளிப்பக்கமா இழுத்துப் பிடிக்கிறதோட அதோட வேலை முடிஞ்சுது. தொண்டைப் பக்கமே போகாது, மூக்கையும் தொடாது. அப்புறம் ஏன் இத்தனை பேரு மூச்சு முட்டுதுன்னு சொல்றாங்கன்னா, அவங்களுக்கு முட்டுறது மூச்சு இல்லைங்க, எச்சில். இப்பவே செஞ்சு பாருங்க, ரெண்டு விரலால வாயோட ரெண்டு ஓரத்தையும் நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மூக்கால மூச்சு விடுங்க. ஈஸியா வரும். அதே மாதிரி பிடிச்சுக்கிட்டு எச்சில் முழுங்குங்க. கஷ்டமா இருக்குல்ல? உதடு மூடாம, பல்லு சேராம முழுங்கி நமக்குப் பழக்கம் இல்ல. எச்சில் அடியில தேங்கும், முழுங்க வராது, உடனே மனசு பதறி ஐயோ மூச்சு போச்சுன்னு நெனச்சுக்கும். அவ்ளோதான் விஷயம், ஆனா நாற்காலியில சாய்ஞ்சு கிடக்கும்போது இது சின்ன விஷயமாத் தெரியாது, அதையும் ஒத்துக்கிறேன்.

இதுல மூக்கால மூச்சு விடுறதுதான் முக்கியம், சும்மா டாக்டர் சொல்றாங்கன்னு இல்ல. மூக்கால விடும்போது நாக்கோட பின்பக்கமும் மேல தொங்குற மெத்துன்னு இருக்குற அண்ணமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், வாய்க்கும் தொண்டைக்கும் நடுவுல கதவு சாத்துன மாதிரி. வாயில தண்ணி நின்னாலும் தொண்டைக்குள்ள இறங்காது. வாயால மூச்சு இழுத்தா அந்தக் கதவு திறந்துக்கும், தண்ணி உள்ள போகும், இருமல் வரும், அப்புறம் இன்னும் பயம். பிரேசஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பல்லு மேல ஒரு ஜெல் தடவுவாங்க, லேசா நாக்குல பட்டாலே புளிக்கும், அரை நிமிஷத்துக்குள்ள அதைத் தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க. பெரும்பாலானவங்க பதறுறது அந்த இடத்துலதான். அந்த நேரம் கழுவி முடியிற வரைக்கும் மூக்கை மட்டும் நெனச்சுக்கிட்டு இருங்க, பெரிய சக்‌ஷன், அதாவது உறிஞ்சுற குழாய், எங்க கையில ரெடியா இருக்கும், தண்ணியை உடனே இழுத்துடுவோம். எங்க டாக்டர் மலாய் பேஷண்டுக்கு "நஃபாஸ் இகுட் ஹிடோங்"னு சொல்வாங்க, சீனப் பாட்டிக்கு மூக்கைத் தொட்டுக் காட்டுவாங்க, நம்ம ஆளுங்ககிட்ட "மூக்கால விடுங்கம்மா"ன்னு சொல்வாங்க. நாள் முழுக்க இதே பாட்டுதான்.

சரி, உங்க சைனஸ் கதைக்கு வரேன். லேசா அடைச்சிருந்தா, வர்றதுக்கு முன்னாடி ஃபார்மசியில கிடைக்கிற உப்புத்தண்ணி ஸ்ப்ரே அடிச்சு மூக்கைச் சிந்திட்டு வாங்க. அடைப்பைத் திறக்கிற மருந்து ஸ்ப்ரேயும் இருக்கு, ஆனா பிரஷர் இருக்குறவங்க ஃபார்மசிஸ்ட்கிட்ட கேக்காம வாங்காதீங்க, அதைத் தொடர்ந்து நாள்கணக்கா அடிச்சா அடைப்பு திரும்பி இன்னும் மோசமாகும். புகைமூட்டம் இருக்குற நாள்ல கேஎல்ல பாதிப் பேருக்கு மூக்கு அடைப்புதான், அது எங்களுக்கும் தெரியும். ஆஸ்துமா இருந்தா இன்ஹேலரைக் கார்ல விடாம கையில கொண்டு வந்து எங்ககிட்ட காட்டுங்க.

ஒரு அண்ணன் வந்தாரு, செந்தூல்ல லாரி ஓட்டுறவரு, ஆளு ஆறடி. ரிட்ராக்டரை மாட்டின உடனே கண்ணு ரெண்டும் பெருசாயிடுச்சு, நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்ச பிடியில விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போச்சு, நெஞ்சு படபடன்னு ஏறி இறங்குது. டாக்டர் ஒண்ணும் பேசல, ரிட்ராக்டரைக் கழட்டிட்டு நாற்காலியை நிமித்தி அவரை உக்கார வெச்சாங்க. கழட்டுறதுக்கு ரெண்டு செகண்ட் கூட ஆகாது, அதை அவரு கண்ணால பாத்ததே பாதி வைத்தியம். அடுத்த தடவை அவ்ளோ படுக்க வைக்காம, கொஞ்சம் நிமிந்த மாதிரியே வெச்சு, சின்ன சக்‌ஷன் குழாயை அவரு கையிலயே குடுத்துட்டோம். எச்சில் சேரும்போதெல்லாம் தானே உறிஞ்சிக்கிட்டாரு. அன்னிக்கே மேல் வரிசை முழுக்க முடிஞ்சுது. நீங்களும் இதைக் கேக்கலாம், வெக்கப்பட ஒண்ணுமில்ல. இடது கையைத் தூக்கினா நிறுத்தணும்னு முதல்லயே பேசி வெச்சுக்கோங்க, வலது பக்கம் டாக்டர் உக்காந்திருப்பாங்க, அங்க தூக்கினா கையில இருக்குற சாமான்ல இடிக்கும். பதற்றம் வந்தா இழுக்குற மூச்சை விட வெளிய விடுற மூச்சை நீளமா விடுங்க. வேகமா குட்டி குட்டியா இழுத்தா தலை சுத்தும், விரல் மரத்துப் போகும், அதுவும் பயத்தைத்தான் கூட்டும்.

அடுத்து சைஸ். வாய் வலிச்சுது, உதடு கிழிஞ்சுதுன்னு புலம்புறவங்கள்ல நிறைய பேருக்குப் பெரிய சைஸை மாட்டியிருப்பாங்க. சின்ன வாய்க்குச் சின்னது இருக்கு, பெரியவங்களுக்குக் கூட சில சமயம் பிள்ளைங்க சைஸ்தான் சரியா வரும். கெட்டி பிளாஸ்டிக் ஒத்துக்கலைன்னா ஆப்ட்ராகேட்னு மெல்லிசா வளையிற வளையம் ஒண்ணு இருக்கு, அதுல லேடெக்ஸ் கிடையாது, எல்லா கிளினிக்லயும் இருக்காது, கேட்டுப் பாருங்க. மாட்டுறதுக்கு முன்னாடி அதைத் தண்ணியில நனைச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். உதட்டு மேல லேசா வாஸ்லின் தடவிக்கலாம், ஆனா பல்லுல படக்கூடாது, எண்ணெய்ப் பசை பட்ட இடத்துல பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்க பல்லுல ஒட்டுற குட்டித் துண்டு, நிக்காது. உதடு எங்கயாவது மடிஞ்சு மாட்டிக்கிச்சுன்னா அப்பவே "ஆ"ன்னு சவுண்ட் குடுங்க, பொறுத்துக்கிட்டு கிடந்தா மறுநாள் அங்க புண்ணுதான். தாடை வலிக்கிறது வேற கணக்கு, ரிட்ராக்டர் தாடையைத் தாங்காது, நீங்களேதான் திறந்து வெச்சிருக்கீங்க, நடுவுல ஒரு நிமிஷம் மூடி ரெஸ்ட் எடுக்கக் கேளுங்க.

இது இல்லாம ஒட்ட முடியாதான்னு சிலர் கேப்பாங்க. எச்சில் பட்டா பசை பிடிக்காதுங்க, சாப்பிடும்போது பிராக்கெட் கழண்டு கையில வரும், திரும்ப முதல்லேர்ந்து. இன்னொண்ணு, ஷாப்பீ ஆன்லைன் கடையில இதே ரிட்ராக்டரை லைட்டோட சேத்து பல்லு வெள்ளையாக்குறதுக்கு விக்கிறாங்க, வீட்டுல கட்டில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு அதைப் போட்டுக்காதீங்க, அங்க உறிஞ்சுறதுக்கு ஆள் கிடையாது. பியூட்டி சலூன்ல, ஹோட்டல் ரூம்ல மலிவா பிரேசஸ் போடுறவங்ககிட்ட போறதைப் பத்திச் சொல்லவே வேணாம், பல் மருத்துவச் சட்டம் 2018 படி அது குற்றம், உள்ள ஏதாவது நழுவி விழுந்தா என்ன பண்றதுன்னு கூட அவங்களுக்குத் தெரியாது.

காலையில பட்டினியா வராதீங்க, அதுக்காக நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) ஃபுல்லா கட்டிட்டும் வராதீங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்கும். அன்னிக்குன்னு பாத்து சளி பிடிச்சு மூக்கு ரெண்டும் மொத்தமா அடைச்சிருந்தாலோ, உதட்டுல நீர்க்கொப்புளம் வந்திருந்தாலோ கிளினிக்குக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டு தேதியை மாத்திக்கோங்க, நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம் லா.