காயலான் கடையில் ஒரு 486 கம்ப்யூட்டர் (தொண்ணூறுகளில் ஓடிய பழைய பிசி) கிடைத்திருக்கிறது. ஆன் செய்து பார்க்கலாமா? எப்படிச் சரிசெய்து அப்கிரேட் செய்வது?

வேண்டாம். இன்னும் பிளக்கைச் சொருகவில்லை என்றால் அப்படியே விடுங்கள். முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். என் முதல் 486-ஐயும் காயலான் கடையில்தான் எடுத்தேன். கடைக்கார அண்ணன் எடை போட்டுத் தர மறுத்துவிட்டார். "உள்ள தங்கம் இருக்கு தம்பி, கிலோ கணக்குலாம் ஆவாது" என்றார். பொய்யில்லை, அந்தக் காலத்து செராமிக் ப்ராசஸரின் பின்களில் தங்க முலாம் உண்டு. வட சென்னையில் நமக்குப் போட்டி வேறு சேகரிப்பாளர்கள் இல்லை, அதை உடைத்துத் தங்கம் பிரிக்கிறவர்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஆசை தாங்காமல் சுவிட்சைப் போட்டேன். மதர்போர்டில் இருந்த மஞ்சள் டேன்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஓலைவெடி மாதிரி வெடித்தது. வருஷக்கணக்கில் மின்சாரமே பார்க்காத டேன்டலம் ஷார்ட் ஆவது சகஜம் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு வாரத்துக்கு அந்தப் பெட்டியை அம்மா வீட்டுக்குள் விடவில்லை.

சரி, திறந்ததும் எதைப் பார்ப்பது? பேட்டரியை. பல 486 போர்டுகளில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் சின்னப் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது ஒழுகினால் வருவது காரம் (ஆல்கலி), போர்டில் ஓடும் செம்புக் கோடுகளை, அதாவது ட்ராக்கை, அரித்துத் தின்றுவிடும். பச்சை பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் வெள்ளை வினிகரைத் தொட்டுத் தேயுங்கள். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்), நன்றாகக் காயவிடுங்கள். அறுந்த ட்ராக்கை மல்டிமீட்டரில் பீப் வைத்துக் கண்டுபிடித்து மெல்லிய கம்பியால் சால்டர் செய்யலாம். மறுபடி அதே இடத்தில் காயின் செல்லை (காசு மாதிரி தட்டையான பேட்டரி) நேராக வைக்காதீர்கள். போர்டு அதை சார்ஜ் செய்யப் பார்க்கும். மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று நடுவில் வேண்டும்.

பவர் சப்ளையில் இரண்டு விஷயம். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டர்களிலும் கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி வர வேண்டும், மாற்றிச் சொருகினால் போர்டு காலி. இன்னொன்று, அந்தக் காலப் பெட்டியின் முன்பக்க சுவிட்சுக்கு நேராக 230 வோல்ட் வருகிறது. இன்றைய கம்ப்யூட்டர் நினைப்பில் கை வைக்காதீர்கள்.

எங்கள் பக்கம் காசிமேட்டுக் காற்று வேறு. உப்பு. ரேம் தகடுகளை அழிரப்பரால் தேய்த்தால் பாதி நோய் போய்விடும். மஞ்சளேறிய கீபோர்டை வெளுக்க மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் மொட்டை மாடி வெயிலும் போதும். வடகத்துக்குப் பக்கத்தில்தான் என் கீகள் காய்ந்தன. நிரந்தரமில்லை, மறுபடி மஞ்சளாகும்.

அப்கிரேடில் என் கட்சி ஒன்றுதான்: மாற்றியதை நாளைக்குக் கழற்றிப் பழையபடி வைக்க முடிய வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் அடாப்டரோடு ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு (பழைய கேமராக்களின் மெமரி கார்டு) வைக்கலாம், சத்தமே இருக்காது. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயாஸ் என்ற புரோகிராமில் பல பழையவற்றுக்கு 504 எம்பிக்கு மேல் தெரியாது, 512 எம்பி என்று அச்சிட்ட கார்டு பத்து லட்சம் பைட்டையே ஒரு எம்பியாகக் கணக்கிடுவதால் அதற்குள் அடங்கும். 72 பின் ரேம் சென்னை எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கலாம். டிஎக்ஸ்2-66 ப்ராசஸரைத் தூக்கிவிட்டு அதைவிட வேகமான டிஎக்ஸ்4-100 போட ஆசை வரும். அது 3.3 வோல்ட் சிப், 5 வோல்ட் மட்டும் தரும் போர்டில் போட்டால் கருகிவிடும்.

கழற்றிய டிஸ்க்கை மட்டும் உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். என்னுடையது பாரிமுனைப் பக்கம் ஏதோ அச்சகத்தில் இருந்தது போல. உள்ளே விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர், நூற்றுக்கணக்கில் கல்யாணப் பத்திரிகைகள். என் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தன, அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. அதே 486-இல் திறந்தேன். பிள்ளையார் சுழி, சுபமுகூர்த்தம், சுற்றமும் நட்பும் சூழ, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஃபான்ட்களை முதலில் ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தேன், பத்திரிகைகளை அதற்கப்புறம்.