55 லட்சத்தில் சென்னையில் வீடு: எந்தப் பக்கம் பார்ப்பது?

கேள்வி: வடபழனியில் 18,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் வேலை. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், பட்டரவாக்கம் பக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு மூட்டு வலி. இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் 95,000 கைக்கு வருகிறது. சேமிப்பு 16 லட்சம். 55 லட்சத்துக்குள் டபுள் பெட்ரூம் ஃபிளாட் தேடுகிறோம். கேளம்பாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம், ஆவடி என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். எங்கே வாங்கலாம்? (வாசகி, சென்னை)

பதில்: ஊர் பெயர்களுக்குப் போவதற்கு முன்னால் அந்த 55 லட்சத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி கொடுக்க முடியும். ரிசர்வ் வங்கியின் விதி அது. 55 லட்சம் வீட்டுக்கு 44 லட்சம் கடன், 11 லட்சம் உங்கள் கைப்பணம். பத்திரச் செலவு இதில் சேராது. பழைய ஃபிளாட் என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 4 லட்சத்து 95 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 15 லட்சத்து 95 ஆயிரம். பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது உங்கள் 16 லட்சத்தில் மிச்சம் ஐயாயிரம் ரூபாய். புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட், சாமான் ஏற்றும் வண்டி எல்லாம் அதற்கப்புறம்தான் வரும். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு, லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. 44 லட்சத்துக்கு மாதம் 38,000 ரூபாய்க்கு மேல் போகும்.

அதையே 45 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். கடன் 36 லட்சம், தவணை 31,000 சொச்சம். கைப்பணம் 9 லட்சம், பத்திரச் செலவு 4 லட்சத்து 5 ஆயிரம். கையில் ஏறக்குறைய 3 லட்சம் நிற்கும். மாமியாரின் மருத்துவச் செலவும் மகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கிற குடும்பத்துக்கு அந்த 3 லட்சம்தான் தூக்கம். நகையைத் தொடாமல் வாங்க முடிகிற விலை இதுதான். ஆகவே உங்கள் பட்ஜெட் 45 என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். பில்டரிடம் நேரடியாக வாங்கும் புதிய ஃபிளாட்டுக்கு, 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம்தான், பதிவுக் கட்டணத்தோடு 6. கட்டி முடியாத வீடென்றால் அதோடு ஜி.எஸ்.டி.யும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இனி ஊர்கள். கேளம்பாக்கத்தை எடுத்ததுமே தள்ளிவிடலாம். நல்ல இடம்தான், ஆனால் சிறுசேரி, நாவலூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு. அங்கே புறநகர் ரயில் கிடையாது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதையும் சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து அம்பத்தூருக்குத் தினமும் போய்வந்தால் மகள் விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். ஊரப்பாக்கத்துக்கு ரயில் உண்டு, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம். ஆனால் உங்கள் இருவரின் வேலையும் அங்கிருந்து வெகு வடக்கே இருக்கும்போது தெற்குக் கோடியில் வீடு எதற்கு?

முடிச்சூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அடையாறு ஆதனூர் பக்கம் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரி நீரும் அதில்தான் சேர்கிறது. 2015 டிசம்பரில் அங்கே மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்தது. விலை மலிவாகச் சொல்கிறார்களே என்றால், அந்த மலிவுக்குள் இந்தத் தண்ணீரும் இருக்கிறது. அங்கேயும் மேடான தெருக்கள் உண்டு. எந்தத் தெரு மேடு என்பது அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வெளியிலிருந்து போகும் உங்களுக்குத் தெரியாது.

வெள்ளம் தெற்குச் சென்னையின் பிரச்சினை என்று ஒரு நினைப்பு பலரிடம் இருக்கிறது. மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூர் பக்கமும் தண்ணீரில் நின்றதை, அங்கே வேலை பார்ப்பவர் என்பதால் நீங்களே கண்டிருக்கலாம். சென்னை ஏரிகளுக்கு நடுவில் வளர்ந்த ஊர். தி.நகரே 1920களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியை வற்றவைத்து எழுப்பிய பகுதி. உங்கள் கணவர் தினமும் போகும் ஈக்காட்டுத்தாங்கலின் பெயரில் இன்னும் ஒரு தாங்கல், அதாவது சிறிய ஏரி, உட்கார்ந்திருக்கிறது. எனவே ஏரி இல்லாத பகுதியைத் தேடி அலைய வேண்டாம். அந்தப் பகுதியில் ஏரி எங்கே, கரை எந்தப் பக்கம், உபரி நீர் வழியும் கலங்கல் எங்கே, கலங்கலில் வழியும் நீர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நீங்கள் பார்க்க வேண்டிய பகுதி என்று நான் நினைப்பது பாடி, கொரட்டூர், வில்லிவாக்கம், அப்புறம் அம்பத்தூரின் கிழக்குப் பக்கம். காரணம் எளிது. கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தமே பட்டரவாக்கம். உங்கள் கணவர் திருமங்கலம் வரை பைக்கில் போய், அங்கே நிறுத்திவிட்டு மெட்ரோ பிடித்தால் ஈக்காட்டுத்தாங்கல் ஆறாவது நிறுத்தம். இரண்டு பேருக்கும் மாற்று வழியாகப் பேருந்தும் இருக்கிறது. ஒரு வீட்டிலிருந்து இரண்டு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இப்படி அமைவது அரிது. ஆவடி இதற்கு அடுத்தபடி. உங்களுக்கு வசதி, கணவருக்குத் தூரம். கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லித்தான் அங்கே விலை பேசுவார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிக்கும் பறக்கும் ரயில் பாதை வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய அந்த வேலை, ஆதம்பாக்கத்தில் 500 மீட்டர் நிலச் சிக்கலால் பத்து ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இன்று ஓடுகிற ரயிலுக்கு மட்டும் பணம் கொடுங்கள். தூண் எழும்பி நிற்கிற பாதை என்றால் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். மாதவரத்திலிருந்து வில்லிவாக்கம், திருமங்கலம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் இரண்டாம் கட்டப் பாதை உங்கள் பக்கத்தில் வருவது கூடுதல் வசதி.

45 லட்சத்தில் அங்கே 1,000 சதுர அடியில் புது ஃபிளாட் எதிர்பார்க்காதீர்கள். 700, 750 சதுர அடியில், பதினைந்து இருபது வருடப் பழைய, மூன்று மாடிக் கட்டடத்தில் தேட வேண்டும். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருடம் போகப் போகக் கட்டடத்தின் மதிப்பு இறங்கும், மண்ணின் மதிப்புதான் ஏறும். ஃபிளாட் வாங்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் மண், பத்திரத்தில் எழுதியிருக்கும் பிரிபடாத பங்கு, அதாவது யு.டி.எஸ். பழைய சிறிய கட்டடத்தில் 750 சதுர அடி ஃபிளாட்டுக்கு 400 சதுர அடி மண் வருவதுண்டு. உயரமான புதுக் கட்டடத்தில் அதைவிடப் பெரிய ஃபிளாட்டுக்கும் அதைவிடக் குறைந்த மண்தான் வரும். நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் இந்தப் பங்குதான் பேசும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்குப் போகலாம். புது ஃபிளாட்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, எட்டு வீட்டுக்கு மேலோ இருக்கும் திட்டத்துக்கு ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கட்டாயம் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, தெருவை எப்படிப் பார்ப்பது? வடகிழக்குப் பருவமழையில் பாருங்கள். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, நல்ல மழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் போங்கள். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் தெருவை விட்டுவிடுங்கள். மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால் சுவர்கள் சொல்லும். காம்பவுண்டுச் சுவரில் ஒரே உயரத்தில் தெரு நெடுக ஓடும் பழுப்புக் கோடு, புதிதாக உயர்த்திக் கட்டிய வாசற்படிகள், தரைத்தள வீட்டு வாசலில் முழங்கால் உயரத் தடுப்புச் சுவர், இவற்றைக் கவனியுங்கள். நான் முதலில் பார்ப்பது இ.பி. மீட்டர் பெட்டி. அதைப் பழைய இடத்திலிருந்து கழற்றி ஆள் உயரத்துக்கு மேல் மாற்றியிருந்தால், அந்தக் கட்டடம் ஒரு முறையாவது மூழ்கிப் பாடம் கற்றிருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே போவதால், பழைய கட்டடங்களின் பார்க்கிங் தரை சாலையைவிடத் தாழ்ந்து கிடக்கும். இது மிக முக்கியம். வாசலில் நின்று, தண்ணீர் உள்ளே வருமா வெளியே போகுமா என்று கண்ணால் அளந்து பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பால் பூத்திலும் '2015இல் இங்கே எவ்வளவு வந்தது?' என்று கேளுங்கள். விற்பவர் சொல்லும் பதிலையும் அவர்கள் சொல்லும் பதிலையும் ஒப்பிட்டால் வீட்டைப் பற்றி மட்டுமில்லாமல் விற்பவரைப் பற்றியும் தெரிந்துவிடும்.

கொரட்டூரில் ஒரு விஷயம் கூடுதலாக. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு வரும், அது நிறைந்தால் ரெட்டேரிக்குப் போகும். மூன்றும் ஒரு சங்கிலி. கொரட்டூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருக்களையும் உபரிநீர் போகும் கால்வாய் ஓரத்தையும் தவிர்த்து, ரயில் நிலையத்துக்கும் பாடிக்கும் இடைப்பட்ட பகுதியில் தேடுங்கள். அங்கேயும் தெருத் தெருவாகத்தான் முடிவு செய்ய வேண்டும். நொளம்பூர் பக்கம் யாராவது காட்டினால் கூவம் எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள்.

வெள்ளத்தைப் பார்த்த கையோடு குடிநீரையும் பாருங்கள். 2019 கோடையில் இந்த நகரம் ஏரிகள் வறண்டு லாரிக்குப் பின்னால் ஓடியது. குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு நோட்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் இருக்கும். அது உங்கள் தவணையோடு சேரும் இன்னொரு தவணை. குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா, மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அம்பத்தூர் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. உள்தெருக்களில் ஒரே மாதிரி வசதி இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பத்திரங்களை வக்கீல் பார்ப்பார். 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், பட்டா எல்லாம் அவர் கேட்பார். ஆனால் ஒன்றை வக்கீலை நம்பி விடாமல் நீங்களே பாருங்கள். சி.எம்.டி.ஏ.வோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) மாநகராட்சியோ அனுமதித்த வரைபடத்தை வாங்கி, அதில் எத்தனை வீடுகள் என்று எண்ணுங்கள். பிறகு கட்டடத்தில் எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். ஆறு வீட்டுக்கு அனுமதி வாங்கி எட்டு கட்டிய இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தம்பதி இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு நான் மதிப்பீட்டுக்குப் போனேன். அவர்கள் வாங்க இருந்த மூன்றாம் மாடி வீடு வரைபடத்திலேயே இல்லை, அந்த இடத்தில் மொட்டை மாடி என்று போட்டிருந்தது. வங்கி கடன் தர மறுத்தது. அட்வான்ஸ் திரும்பி வர ஒரு வருடம் ஆயிற்று. அந்த அம்மா என் முன்னால் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் வரைபடம் கைக்கு வரும்வரை சிறிய தொகை மட்டும் கொடுங்கள். வங்கியின் சட்ட ஆய்வில் ஏதேனும் குறை வந்தால் அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழைய கட்டடம் என்பதால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்றும் வங்கி பார்க்கும். 20 வருடக் கடன் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மாமியாரின் மூட்டு வலியை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. நான் சொல்லும் மூன்று மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் இருக்காது. அவருக்காகத் தரைத்தளம் பார்க்கத் தோன்றும். வெள்ளமும் கொசுவும் முதலில் வருவது அங்கேதான், அதனால் நான் முதல் மாடியைத்தான் சொல்வேன். கட்டடத்துக்குக் கட்டடம் படிகளின் உயரம் மாறும். ஆறு அங்குலப் படியில் ஏறுபவரால் எட்டு அங்குலப் படியில் ஏற முடியாமல் போகலாம், ஒரு பக்கம் கைப்பிடி இல்லாத படிக்கட்டும் உண்டு. வீடு பிடித்துவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சாயங்காலம் அவரையும் அழைத்துப் போங்கள். அவசரப்படுத்தாமல் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அவர் முடியாது என்று சொன்னால் அடுத்த தெருவில் இன்னொரு வீடு பாருங்கள்.