கப்பலில் நத்தார்ச் சோடனைப் பரிமாற்றம்: முதல் கடல்நாளிலேயே வைத்துவிடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வரும் உங்கள் குடும்பத்தினர் மார்கழியில் சிங்கப்பூரில் ஒன்றுகூடி, அங்கிருந்து ஐந்து நாள் உல்லாசக் கப்பலில் செல்லவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே கப்பலில் வரும் ஏனைய பயணிகளையும் சேர்த்து நத்தார்மரச் சோடனைப் பரிமாற்றம் ஒன்றை எப்படி ஒழுங்கு செய்யலாம் என்பது உங்கள் கேள்வி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பலில் எங்கள் குடும்பமும் இரண்டு முறை மார்கழிப் பயணம் சென்றிருக்கிறது. இரண்டு முறையும் இந்தப் பரிமாற்றத்தைப் பொறுப்பேற்று நடத்தியவள் நான். முதல் முறை அது சரியாக அமையவில்லை. இரண்டாம் முறை மிக நன்றாக அமைந்தது. இரண்டிலும் வந்த பொருட்கள் ஏறத்தாழ ஒரே தரத்தவைதான். வேறுபாடு, அதை எந்த நாளில் வைத்தோம் என்பதில் இருந்தது.

முதல் பயணத்தில், பயணத்தின் நிறைவாக இருக்கட்டும் என்று எண்ணிக் கடைசி இரவைத் தெரிவு செய்தோம். கப்பலின் கடைசி இரவு எப்படிப்பட்டது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலை பெரிய பெட்டிகளைத் தாமே தூக்கிக்கொண்டு இறங்க விரும்பாதவர்கள், அவற்றில் அடையாளச் சீட்டைக் கட்டி நள்ளிரவுக்கு முன் அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அதனால் அன்று மாலை கப்பல் முழுவதும் பெட்டி அடுக்குவதிலும், கணக்குத் தீர்ப்பதிலும், பிள்ளைகளின் காலணிகளைத் தேடுவதிலுமே கழிந்தது. பெயர் கொடுத்திருந்த 22 பேரில் 9 பேர் மட்டுமே வந்தார்கள். வந்தவர்களிலும் சிலருக்குப் பெட்டி ஏற்கெனவே வாசலுக்குப் போயிருந்தபடியால், கிடைத்த சோடனையை எதற்குள் வைத்துக் கொண்டுபோவது என்ற சங்கடம் ஏற்பட்டது. அதைவிட எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லோரும் வெவ்வேறு வரிசைகளில் நின்றோம்.

ஆகவே, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கப்பல் ஓடிக்கொண்டேயிருக்கும் முதல் கடல்நாளின் பிற்பகல் மூன்று மணியளவில் அதை வைத்துவிடுங்கள். மதிய உணவு முடிந்து, இரவு உணவின் முதல் பந்தி தொடங்குவதற்கு நெடுநேரம் இருக்கும் அந்த வேளையில்தான் குடும்பங்கள் ஆறுதலாக அமர்ந்திருக்கும். ஏறும் நாளிலேயே வைப்பதை நான் விரும்பமாட்டேன். அன்று பாதுகாப்புப் பயிற்சியில் எல்லோரும் பங்குகொள்ள வேண்டும். கையளித்த பெட்டிகள் அறைக்கு வந்து சேரச் சில வேளை இரவாகிவிடும். ஆகவே சோடனைகளைக் கைப்பையிலேயே கொண்டு ஏறும்படி எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். உங்கள் பயணத்திட்டத்தில் முதல் முழுநாள் துறைமுக நாளாக இருந்தால், கப்பல் அந்தத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பின்னரான மாலையை வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம்.

இடத்தைப் பெறுவது நினைப்பதைவிட இலகுவானது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வணிக நோக்கமில்லாத, பயணிகள் தாமே நடத்தும் ஒரு சிறு ஒன்றுகூடல் என்பதைத் தெளிவாகச் சொல்லி, சீட்டாடும் அறையையோ நூலகத்தையோ ஒரு மணிநேரத்துக்குக் கேளுங்கள். ஏறியவுடன் வரவேற்பு மேசைக்குச் சென்று அந்தக் கடிதத்தைக் காட்டி, மறுநாள் நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சில கப்பல்கள் சேர்க்கும், சில சேர்க்கமாட்டா. சேர்க்காவிட்டால் வரவேற்பு மேசையில் ஒரு சிறு அறிவித்தலை வைக்க அனுமதி பெறுங்கள். அந்த அறிவித்தலில் இடமும் நேரமும் இருந்தால் போதும். உங்கள் அறை இலக்கத்தை அதில் எழுத வேண்டாம். பிள்ளைகளோடு செல்பவர்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும்.

அறிவித்தலின் சொற்களைப் பற்றியும் எங்கள் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. நாங்கள் கத்தோலிக்கர்; பாலன் குடில் கட்டி, சவுக்குக் கிளையை வாளி மண்ணில் நட்டு, அதிலே பஞ்சும் கடதாசி நட்சத்திரமும் தொங்கவிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் என் தங்கை மணம் செய்த குடும்பம் சைவக் குடும்பம். கப்பலிலோ சீனரும் மலாயரும் இந்தியரும் என எல்லோரும் வருவார்கள். நத்தார் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆண்டிறுதி என்று போடலாம் என்று ஒருவர் சொன்னார். நான் உடன்படவில்லை. நத்தார் என்றே எழுதி, அதன் கீழே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ தொங்கவிடக்கூடிய எந்தச் சோடனையும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை வாசித்துவிட்டுச் சிவப்பு நூலில் முடிச்சிட்ட சீனத் தொங்கல்களுடன் ஒரு குடும்பம் வந்தது; தங்கையின் மாமியார் சிறு பித்தளை மணி ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் பண்டிகையின் பெயரை மறைக்காமலே மற்றவர்களுக்கு இடம்விட முடிந்ததை இன்றும் மனநிறைவோடு நினைக்கிறேன்.

எதைக் கொண்டுவரலாம் என்பதில் நீங்கள் விதிகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள் பத்து அமெரிக்க டொலர் என்ற எல்லையை வைத்து, கையால் செய்ததும் கடையில் வாங்கியதும் சமம் என்று அறிவித்தோம். அளவு உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். மெழுகுதிரி, ஊதுபத்தி, சுவரில் செருகி எரியவிடும் மின்விளக்குச் சரம் ஆகியவற்றைக் கப்பல்கள் தீப்பாதுகாப்புக் கருதிப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அவை சோதனை வாயிலிலேயே நின்றுவிடும். பொதிகளையும் அங்கே பிரித்துப் பார்க்கக்கூடும் என்பதால், பரிசுத்தாளில் சுற்றாமல் கொண்டுபோய், கப்பலில் வைத்து ஒரு கடதாசிப் பையில் இடுவதே நல்லது.

கண்ணாடியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஜேர்மனியிலிருந்து வந்த என் தம்பி, லௌஷா என்ற ஊரின் கண்ணாடிக் குண்டு ஒன்றை முதல் பயணத்துக்குக் கொண்டுவந்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்த ஊரார் ஊதிச் செய்துவரும் அந்தக் குண்டுகளின் சுவர் முட்டையோட்டைப் போல மெல்லியது. நான்கு காலுறைகளுக்குள் வைத்துக் கொண்டுவந்தும், சிங்கப்பூரில் பெட்டியைத் திறந்தபோது அது தூளாகிக் கிடந்தது. இரண்டாம் முறை அதே நாட்டிலிருந்து வைக்கோல் நட்சத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அது உடையவில்லை, ஆனால் அதுவே வேறொரு கவனத்தைக் கோரியது.

உங்கள் குடும்பத்தில் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிச் செல்பவர்கள் இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வைக்கோல், காய்ந்த இலை, விதை, ஊசியிலை மரத்தின் காய், பட்டை உரிக்காத மரம், இறகு போன்ற தாவர, விலங்குப் பொருட்களை அந்த நாட்டுக்குள் கொண்டுசெல்வோர் வருகைப் படிவத்தில் அவற்றை அறிவிக்க வேண்டும். பூச்சியும் மண்ணும் விதையும் இல்லாமல் சுத்தமாகக் காய்ந்த கைவினைப் பொருளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரக்கூடும். அறிவிக்காமல் கொண்டுசென்றால் தண்டம் விதிக்கப்படலாம். ஆகவே அவர்களுக்குத் துணி, உலோகம், நூல் ஆகியவற்றால் செய்தவை போய்ச்சேரும்படி பார்ப்பது அவர்களுக்கு நீங்கள் செய்யும் உதவி. பவளப்பாறைத் துண்டுகளை யாருமே கொண்டுவர வேண்டாம். கற்பாறைப் பவளங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எங்கள் கரையோரப் பிள்ளைகள் ஆசையோடு பொறுக்கி வைத்திருப்பவை என்றாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, பரிமாறும் முறை. எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, பின்னால் வருபவர் முன்னால் வந்தவரின் கையில் இருப்பதைப் பறித்துக்கொள்ளலாம் என்றொரு ஆட்டம் வெளிநாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. ரொறன்ரோவில் வளர்ந்த என் பெறாமகள் அதையே வைக்கச் சொன்னாள். நன்கு பழகியவர்களுக்குள் அது கலகலப்பைத் தரும். முன்பின் அறியாதவர்களுக்குள், அதிலும் ஆறு வயதுப் பிள்ளையின் கையில் இருப்பதை ஒரு பெரியவர் வாங்கும்போது, அது மனவருத்தத்தைத் தரும். நாங்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்வரை பைகளை வலப்பக்கம் கடத்தி, பாட்டு நிற்கும்போது கையில் இருப்பதையே எடுத்துக்கொள்ளும் முறையை வைத்தோம். பிள்ளைகளுக்குத் தனி வட்டம். ஒருவர் ஒன்று கொடுத்தால் ஒருவர் ஒன்று பெறுவார் என்ற கணக்கைப் பிசகவிடாதீர்கள். குடும்பத்துக்கு ஒன்று என்று வைத்தால், மூன்று பிள்ளைகள் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெறுங்கையோடு வருபவர்களுக்காகப் பத்து உபரிச் சோடனைகளை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் பயணத்தில் 31 பேர் வந்தார்கள். எங்கள் பத்தில் எட்டு செலவாகிவிட்டது. மிஞ்சிய இரண்டை எங்கள் அறையைக் கவனித்த பணியாளருக்கும் உணவு மேசைப் பணியாளருக்கும் கொடுத்தோம். பண்டிகை நாளில் வீட்டைவிட்டு வெகுதூரத்தில் வேலை செய்பவர்கள் அவர்கள். பணியாளர் பரிசு பெறுவதற்கு ஒவ்வொரு கப்பலிலும் ஒரு விதி இருக்கும் என்பதால், முதலில் வரவேற்பு மேசையில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் விட்டுக்கொடுக்காத ஒரு விதி உண்டு. ஒவ்வொரு சோடனையோடும் ஒரு சிறு அட்டை இருக்க வேண்டும். அதில் எந்த ஊர், எதனால் செய்தது, யார் செய்தது, எந்த ஆண்டு என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றுக்கொண்டவர் அதை உரக்க வாசிக்க, கொண்டுவந்தவர் எழுந்து இரண்டு வசனம் சொல்ல வேண்டும். அட்டை இல்லாவிட்டால் அது கடைச் சாமான் கைமாறியதாகவே முடிந்துவிடும்.

நான் கொண்டுபோனவை யாழ்ப்பாணத்து இளவாலையில் இருக்கும் எங்கள் மாமி சார்வோலையில், அதாவது பனையின் இளம் ஓலையில், பின்னித் தந்த நட்சத்திரங்களும், விரல் நீளச் சுளகுகளும், கட்டைவிரல் அளவுக் குட்டான் எனும் ஓலைப் பெட்டிகளும். அவற்றில் ஒரு நட்சத்திரம் பினாங்கிலிருந்து வந்திருந்த ஒரு முதிய அம்மாவின் கைக்குப் போனது. அட்டையை வாசிக்கத் தொடங்கியவர், யாழ்ப்பாணம் என்ற சொல்லில் நிறுத்திவிட்டு, ஓலையை மூக்கருகே வைத்து நெடுநேரம் மணந்து பார்த்தார். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாப் புகையிரதத்தில் எழுதுவினைஞராக வேலை செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களில் அவருடைய பாட்டனாரும் ஒருவராம். வீட்டில் ஒரு பழைய பனையோலைப் பெட்டி இருந்ததென்றும், அதற்குள் இதே மணம் இருந்ததென்றும், அந்தப் பெட்டி எப்படித் தொலைந்தது என்று நினைவில்லை என்றும் சொன்னார். அவர் கொண்டுவந்த வெள்ளீய மணி என் மருமகனின் கையில் இருந்தது. அதன்பின் மிகுதி மூன்று நாளும் அவர் எங்கள் மேசையிலேயே சாப்பிட்டார். பாட்டனார் சொல்லிக்கொடுத்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அது எங்கே இருக்கிறது, இப்போது எப்படி இருக்கிறது என்று எங்களிடம் கேட்டார். தம்பி ஒரு கடதாசியில் குடாநாட்டை வரைந்து அந்த ஊர்களைக் குறித்துக் கொடுத்தான். கடைசி இரவில் பரிமாற்றத்தை வைத்திருந்தால் அவருக்கு ஒரு நட்சத்திரம் மட்டும்தான் கிடைத்திருக்கும்.

நீங்களும் பனையோலையில் செய்விக்க நினைத்தால், காலத்தைக் கவனிக்க வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்வதால், அப்போது வெட்டிய ஓலை நன்றாகக் காயாது; காயாத ஓலையைப் பின்னிப் பெட்டிக்குள் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆவணி, புரட்டாதி வெயிலில் சார்வோலையைக் காயவைத்து வார்ந்து, சாயம் போடுவதென்றால் அப்போதே போட்டு, மீண்டும் உலர்த்தி எடுத்துவிட வேண்டும். பின்னுவதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். முடிந்தவற்றைத் தகர பிஸ்கற் பேணியில், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரு கடதாசி வைத்து அடுக்கினால் முனை மடியாமல் போய்ச்சேரும். நாற்பது உருப்படிகளுக்கு எங்கள் மாமிக்கு மூன்று கிழமை எடுத்தது. ஆகவே பின்னுபவர் ஒருவரை இப்போதே பிடித்து, ஓலைக்குச் சொல்லி வையுங்கள்.