பெட்டிக்காரர் பதில்கள்: ரப்பர் தோட்டத்துத் தேன்

(மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: குமரி மாவட்டத்தில் வாங்கிய தேன் சில வாரங்களில் அடியில் சர்க்கரைபோல் உறைந்துவிட்டது. தண்ணீரில் விட்டேன், கரையாமல் அடிக்குப் போனது. தீக்குச்சியைத் தோய்த்து உரசினேன், பற்றவில்லை. அசலா, போலியா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தீக்குச்சியை அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே அடிக்குத்தான் போகும். குச்சி பற்றாததற்குக் காரணம் ஈரம். நாங்கள் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயின் தேனில் ஈரம் இயல்பிலேயே சற்றுக் கூடுதல். 2020இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. உள்நாட்டுச் சோதனைகளில் பெரும்பாலானவை தேறிவிட்டன. ஜெர்மனியில் செய்த என்.எம்.ஆர். சோதனையில், அதாவது கலந்திருக்கும் பாகை நுட்பமாகக் கண்டுபிடிக்கும் சோதனையில், தேறியவை மூன்றே. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு உங்கள் தம்ளர் தண்ணீருக்கா பயப்படும்?

உறைந்தது குற்றமில்லை. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும் ரகம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் பாட்டிலை நிறுத்துங்கள், இளகிவிடும். அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள். மூடியைத் திறந்ததும் நுரையும் புளித்த வாடையும் வந்தால் அது வேறு கதை: தேனீ மெழுகால் அறையை மூடும் முன்பே யாரோ அவசரப்பட்டு அடையைச் சுற்றிப் பிழிந்திருக்கிறார். அவரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.

கேள்வி: ரப்பர் தேன் என்றால் ரப்பர் பால் கலந்ததா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாலுக்கும் தேனுக்கும் சம்பந்தமே இல்லை. பூவுக்கும் இதில் பெரிய வேலை இல்லை என்றால் நம்புவீர்களா? டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டுத் துளிர் விடும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு. இலை இளசாக இருக்கும்வரை அங்கே இனிப்பு கசியும். அதைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்களுக்குத் தூக்கமில்லை. பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவது, அடை எடுப்பது, பிழிவது என்று ஓட்டம்தான்.

இந்தத் தொழிலை 1920களில் இங்கே பரப்பியது மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ., ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் பொறுப்பில் இருந்த காலம். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தேனீக் குஞ்சுப் புழுக்களைப் பைபோல வீங்கவைத்துக் கொன்றது. ஊர் ஊராகப் பெட்டிகள் காலியாயின. பலர் பெட்டியை விறகாக்கினார்கள். தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்துத்தான் இன்றைய பெட்டிகள் பெருகின. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பழைய ஆட்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: தேனீக்குச் சர்க்கரை கொடுக்கிறீர்களாமே, உண்மையா? (வாசகர், மதுரை)

பதில்: உண்மை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் வெளியே எதுவும் கிடைக்காது. பாகு வைக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் சாகும், அல்லது பெட்டியை விட்டுப் பறந்துவிடும். அது அவற்றின் சாப்பாடு, உங்கள் பாட்டிலுக்கு அல்ல. தேன் வரத்துத் தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வாங்கும்போது எந்த மாதம் பிழிந்தது, பெட்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். வருஷம் முழுவதும் "புதுத் தேன்" வைத்திருப்பவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.

கேள்வி: பேரனுக்கு எட்டு மாதம். பிறந்ததும் நாக்கில் சேனை வைத்தபோது தேன் தொட்டு வைக்கவில்லை என்று வீட்டில் குறை. இப்போது கொடுக்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: கூடாது. நல்ல தேனிலும் பாட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். முதல் பிறந்தநாள் முடியட்டும். வீட்டுப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டால் தேன் விற்பவனே வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.