வரதட்சணை வாங்காத வீட்டில் அடகுக்குப் போன 30 பவுன்

கேள்வி: வரதட்சணை வேண்டாம் என்று சொல்லித்தான் 2 வருடத்துக்கு முன் என்னைப் பெண் எடுத்தார்கள். அப்பா தன் விருப்பமாக 30 பவுன் போட்டார். இப்போது மாமியார், ‘வெறுங்கையோடு வந்தவள்’ என்று தினமும் குத்திக்காட்டுகிறார். கணவர் தொழிலுக்கு 5 லட்சம் வாங்கி வரச் சொல்கிறார். என் நகைகளையும் அடகு வைத்துவிட்டார். வரதட்சணைப் புகார் கொடுக்கலாமா?

பதில்: மாமியார் பேச்சை ஒதுக்கி வையுங்கள், அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. 5 லட்சம் கேட்டது வேறு, நகை வேறு. இரண்டையும் கலக்காதீர்கள்.

திருமணத்தையொட்டிக் கேட்கும் பணம், பிறகு கேட்டாலும் வரதட்சணைதான். வீடு கட்டக் கேட்ட பணத்தையே உச்ச நீதிமன்றம் 2022இல் அப்படித்தான் பார்த்தது. கேட்ட வாட்ஸ்அப் செய்தியும் ஆடியோவும் இருக்கும் போனை மாற்றாதீர்கள்.

ஆபத்து புகாரின் வாசகத்தில் இருக்கிறது. எழுதித் தருபவர்கள் பழக்கத்தில் ‘வரதட்சணையாக 30 பவுன் கொடுத்தோம்’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். குறுக்கு விசாரணையில் உங்கள் அப்பாவே ‘அவர்கள் கேட்கவில்லை, நானாகப் போட்டேன்’ என்பார். அதோடு 5 லட்சம் பற்றிய உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். கேட்காமல் போட்ட நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து. அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடி. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போட்டால், நகையைத் திருப்பித் தர மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வெளியூர் நாத்தனார் பெயரையும் இழுக்காதீர்கள். பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிடும்.

அடி உதை இருந்தால் காத்திருக்காமல் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். இல்லையென்றால் முதலில் சமரசம் பேசுங்கள் என்றுதான் சொல்வேன். வழக்கு முடியும்வரை அடகு வட்டி நிற்காது. நகை ஏலத்துக்கே போய்விடலாம்.

சமரசத்திலும் ஒரு குழி உண்டு. ‘நகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று முதலில் கையெழுத்து வாங்குவார்கள், மீட்டுத் தருவது பிறகு என்பார்கள். போடவே போடாதீர்கள். அப்பா வைத்திருக்கும் பில்லையும் கல்யாண ஆல்பத்தையும் வைத்து உருப்படி வாரியாகப் பட்டியல் போடுங்கள். 30 பவுன் என்றால் 240 கிராம். கல் எடையைத் தனியாகக் குறியுங்கள். எந்தத் தேதிக்குள் மீட்பது, வட்டி யார் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். நகை வந்ததும் இரு தரப்பும் இருக்க எடை போட்டுப் பார்த்து, அதன் பிறகு கையெழுத்திடுங்கள்.

அந்த 5 லட்சத்தை அப்பா கொடுக்கத் துணிந்தால் ரொக்கமாக வேண்டாம். கடனாக, மருமகன் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அவரிடம் புரோநோட்டு (கடன் உறுதிப் பத்திரம்) வாங்கச் சொல்லுங்கள். அது 3 ஆண்டில் காலாவதியாகும். அதற்குள் அவர் திருப்பிக் கட்டும் தொகையை நோட்டிலேயே வரவு எழுதி அவர் கையெழுத்தைப் பெற வேண்டும்.