வென்றவன் அழுத அழுகை

கேள்வி: டிராய் மரக்குதிரைக்காகவே ஹோமரின் கிரேக்கக் காவியம் ‘இலியட்’ படித்தேன். கடைசிவரை குதிரை வரவேயில்லை! அடுத்து ‘ஒடிசி’ படிக்கலாமா? இரண்டில் எது உயர்ந்தது?

பதில்: உங்கள் பிரதியில் பக்கம் எதுவும் விடுபடவில்லை. கிரேக்கர் டிராய் நகர்மீது தொடுத்த பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் ஏறத்தாழ ஐம்பது நாட்களைத்தான் இலியட் பாடுகிறது. அதன் முதல் சொல்லே ‘சினம்’. கிரேக்க வீரன் அக்கிலிஸின் சினம் மூண்டு தணிவதுதான் கதை. அவன் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு காவியம் முடியும்போது டிராய் இன்னும் விழவில்லை.

24ஆம் காண்டத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். நான் படித்துப் படித்து, என் பிரதியில் அந்தப் பக்கங்கள் தையல் விட்டுத் தனியே வந்துவிட்டன. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு, டிராயின் கிழ மன்னர் பிரியம் இரவில் அக்கிலிஸின் பாசறைக்கு வருகிறார். மகனைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறார். உன் தந்தையை நினைத்துப்பார் என்கிறார். அவர் ஹெக்டருக்காக அழ, அக்கிலிஸ் தன் தந்தையையும் ஹெக்டரிடம் பறிகொடுத்த நண்பன் பாட்ரோக்ளஸையும் நினைத்து அழுகிறான்.

நீங்கள் தேடிய குதிரை, கிரேக்க வீரர்களை வயிற்றில் ஒளித்து டிராயை வீழ்த்திய அந்தக் குதிரை, ஒடிசியில் இருக்கிறது, நடந்து முடிந்த கதையாக. 8ஆம் காண்டத்தில், யாரென்று சொல்லாமல் அல்கினஸ் மன்னனின் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான், அந்தக் குதிரைத் தந்திரத்தை நடத்திய கிரேக்க வீரன் ஒடிசியஸ். பார்வையற்ற பாணன் டெமொடோகஸிடம் மரக்குதிரைக் கதையைப் பாடச் சொல்வதே அவன்தான். தன் வெற்றிப் பாட்டைக் கேட்டு அவனே உடைந்துபோகிறான். எப்படி அழுதானாம்? ஊரைக் காக்கப் போரிட்டு விழுந்த கணவன்மேல் விழுந்து கதறுகிறாள் ஒருத்தி. பின்னால் நிற்கும் பகைவர் ஈட்டியால் அவள் முதுகில் அடித்து அடிமையாக இழுத்துப் போகிறார்கள். அவளைப்போல அழுதானாம். டிராய் நகரத்துப் பெண்களுக்கு அவன் படையே செய்த கொடுமை அது!

இந்த உவமை ஒன்றுக்காகவே ஒடிசியைத் தலையில் வைத்துக்கொள்வேன். ஆனால் ஹெக்டரின் மனைவியை அறியாமல் படித்தால் அதன் கனம் தெரியாது. நீங்கள் இலியட்டை முதலில் படித்தது நல்லதாகப் போயிற்று.

கேள்வி: கிரேக்கக் காவியம் என்றால் ஹோமர் மட்டும்தானா?

பதில்: இல்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பொலோனியஸ் பாடிய ‘ஆர்கோநாட்டிகா’வைப் படியுங்கள், நான்கே காண்டங்கள். பொன் ஆட்டுத்தோலைத் தேடிப் போகும் ஜேசனைவிட, 3ஆம் காண்டத்தில் அவனைக் காதலிக்கும் மெடீயாதான், அந்தத் தோலை வைத்திருக்கும் மன்னனின் மகள், எனக்கு முக்கியம். காதலுக்கும் தந்தைக்கும் நடுவே தவித்து, சாகத் துணிந்து நஞ்சுப் பேழையை மடியில் வைத்து அழுகிறாள். வாழ்வின் இனிமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. பேழையை எடுத்து வைத்துவிட்டு, விடிந்ததா என்று கதவைத் திறந்து திறந்து பார்க்கிறாள்.